காட்டுவதற்கான பணம்

என் மகள் போட்ட பட்ஜெட்டில் காபிக்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு காபி, நானூறு ரூபாய். பன்னிரண்டு நாளைக்கு நாலாயிரத்து எண்ணூறு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது.

“ஒரு காபி நானூறு ரூபாயா? அந்த ஊர்ல மாட்டுக்குத் தவிட்டுக்குப் பதிலா முந்திரிப் பருப்பா போடறான்?” என்றேன்.

“அப்பா, நானாவது ஒண்ணுதான் வச்சிருக்கேன். கூட வர்றவங்க மூணு வச்சிருக்காங்க. கீழ பாரு, இன்னும் இருக்கு” என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரியில் அவள் எம்.பி.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லூரியில் வருடா வருடம் இருபது பேரை ஐரோப்பாவில் ஒரு ஊருக்குப் பன்னிரண்டு நாள் கூட்டிப் போவார்கள். எந்த நாடு என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அங்கே ஒரு வணிகக் கல்லூரியில் பாடம், பிறகு துறைமுகம், சரக்குக் கிடங்கு என்று சுற்றிக் காட்டுவார்கள். போய் வந்தவர்களில் இரண்டு பேருக்குச் சென்னையில் ஒரு சரக்குக் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி கிடைக்கும். பயிற்சிக்குப் போனவர்களை அந்தக் கம்பெனி பெரும்பாலும் வேலைக்கே வைத்துக்கொள்ளும். வெளிநாடு பார்க்கிற ஆசை என் மகளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அவள் கண்ணெல்லாம் அந்த இரண்டு இடத்தின் மேல்தான். முதல் வருடத்திலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பட்ஜெட்டை அவள் மூன்று வாரம் உட்கார்ந்து போட்டாள். கல்லூரிக்குக் கட்ட வேண்டியது, விசாக் கட்டணம், இன்ஷூரன்ஸ், உள்ளூர் ரயில், குளிருக்குக் கோட்டு, எல்லாம் தனித்தனி வரி. காலைச் சாப்பாடு விடுதியில் இலவசம், மதியம் கல்லூரி கேன்டீன், ராத்திரிக்கு விடுதிச் சமையலறையில் ரவை கிளறிக்கொள்வது. மொத்தத்தில் பத்து சதவீதம் எதிர்பாராத செலவுக்கு. நம் ரூபாய் சரிந்தால் என்ன ஆகும் என்று அதற்கும் ஒரு கட்டம். கலியாணச் சமையலுக்கு அரிசி எத்தனை மூட்டை என்று கணக்குப் போடுகிறவர்களை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். இப்படி ஒரு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை.

அதை அவளிடம் நான் சொல்லவில்லை. “இன்னாமா இது, துண்டு துண்டா வெட்டி வச்சிருக்க? பீரோவுல பணம் கீது. எவ்ளோ வேணுமோ எடுத்துகினு போ” என்றுதான் சொன்னேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இரும்புலியூரில் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் முன்னே எங்கள் அப்பா கத்தரி போட்டிருந்தார். நிலம் மனையாகி, மனை வீடாகி, எங்கள் பங்குக்கு வந்ததில் கடையும் கட்டி, மேலே இரண்டு போர்ஷன் வாடகைக்கும் விட்டிருக்கிறேன். வருவதெல்லாம் ரொக்கம். முகூர்த்த மாதத்தில் நோட்டுக் கட்டுக்கு ரப்பர் பேண்டு பற்றாது. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டுவோம். வங்கிக்கும் எனக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. கரண்டு பில்லுக்கும் கேஸுக்கும் ஒரு கணக்கு இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வரும். வந்தால் வார்டு ஆபீஸ் என்று பார்க்க மாட்டேன், மின்வாரியம் என்று பார்க்க மாட்டேன், சத்தம் போட்டு வேலையை முடித்துக்கொண்டு வருவேன். சத்தத்துக்கு மசியாத இடத்தில் யாராவது தெரிந்த ஆளைப் பிடிப்பேன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் குடும்பத்தை ஓட்டினேன்.

விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. செலவை ஏற்கிறவரின் ஆறு மாத வங்கிக் கணக்கு, மூன்று வருட வருமான வரிக் காகிதம். நான் பெருமையாகக் கோப்பை எடுத்து நீட்டினேன். மகள் புரட்டிப் பார்த்தாள். கணக்கில் முப்பத்தெட்டாயிரம் இருந்தது. வரிக் காகிதத்தில், வரி வராத அளவுக்கு, வருடா வருடம் ஒரே மாதிரி ஒரு தொகை.

“அப்பா, இதுல பார்த்தா நீ எங்க காலேஜ் வாட்ச்மேனைவிடக் கம்மியா சம்பாதிக்கிற” என்றாள்.

“அதுக்குத்தான் ஆடிட்டர் வச்சிருக்கேன்” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அது எங்களுக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது.

அவளிடம் வேறொரு வழி தயாராக இருந்தது. சேலையூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்து மாதா மாதம் வாங்கிய பணம் அவள் கணக்கில் அறுபத்திரண்டாயிரம் சேர்ந்திருந்தது. மீதிக்கு வங்கியில் ஒரு சின்னப் படிப்புக் கடன். கிளை மேலாளரிடமும் பேசிவிட்டாள். பெரும்பாக்கத்தில் அவள் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அப்பா மாநகரப் பேருந்தில் கண்டக்டர். அந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்கிறாளாம். கடன் உத்தரவு, டியூஷன் கணக்கு, கல்லூரிக் கடிதம், இது மூன்றும் இருந்தால் போதும் என்று துறைத் தலைவரே சொல்லியிருக்கிறார். நான் செய்ய வேண்டியது கடனுக்கு ஜாமீனாக ஒரு கையெழுத்து.

நான் போடவில்லை. அந்தக் கையெழுத்தை நான் போட்டிருந்தால் இதை எழுதவேண்டிய வேலையே இல்லை.

“கடன் வாங்கிகினு போறதுக்கு நான் இன்னா செத்தா பூட்டேன்?” என்று கத்தினேன். “ரெண்டு போர்ஷன் வாடகை வருது, கடை ஓடுது. எம் பொண்ணு பேங்குல கடங்காரியா நிக்கணுமா?”

“அப்பா, பணம் இல்லன்னு சொல்லல. இருக்குன்னு காட்ட பேப்பர் இல்லன்னுதான் சொல்றேன்.”

“காட்டணும், அவ்ளோதான? நான் காட்டறேன்.”

காட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிற நாளில் எந்த வீடும் அந்த வீடாக இருக்காது. என் கடையிலிருந்து சோபா போகும், கண்ணாடி மேசை போகும், திரைச்சீலை போகும். ஒரு தடவை ஃபிரிட்ஜ் கேட்டார்கள். என் வீட்டு ஃபிரிட்ஜையே இறக்கி அனுப்பினேன். என் மனைவியை நான் பார்க்கப் போனபோது அவள் கழுத்தில் கிடந்த சங்கிலி பக்கத்து வீட்டுடையது. நான் கட்டியிருந்த வாட்ச் என் பெரியப்பா மகனுடையது. கலியாணமான மறுமாதம் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைக்கவில்லை. வருகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. தூதரகத்தையும் நான் அப்படித்தான் நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், வீட்டை நிரப்பி வை.

கோவிலம்பாக்கத்தில் இருக்கும் என் மச்சானுக்குப் போன் போட்டேன். மனைவியின் தம்பி, இரண்டு தண்ணீர் லாரி ஓட்டுகிறான்.

“இன்னா மாமா, நீ கேட்டு நான் இல்லன்னு சொல்லப் போறனா? மூணு லட்சம் கீது, வந்து வாங்கிக்கோ. பதினைஞ்சு நாள்தான? பாப்பா ஃபாரின் போவுதுன்னா நமக்கும் கெத்துதான” என்றான்.

எங்களோடு வேலை செய்யும் சமையல் காண்ட்ராக்டர் இரண்டு லட்சம் கொடுத்தார். பீரோவில் இருந்ததையும், இரண்டு போர்ஷன்காரர்களின் அட்வான்ஸ் பணத்தையும் சேர்த்தேன். ஒரே வாரத்தில், நாலு தடவையாக, ஒன்பது லட்சம் ரொக்கத்தைக் கணக்கில் கட்டினேன். காசாளர் நிமிர்ந்து பார்த்து, “நிலம் ஏதாவது வித்தீங்களா சார்?” என்று கேட்டார். நான் புன்னகை செய்தேன். அந்த ஸ்டேட்மெண்டை அச்சடித்து வாங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி ஓட்டி வந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஐந்து மாதம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று போய்க்கொண்டிருந்த கணக்கு, கடைசி வாரத்தில் ஒரேயடியாக எகிறி நின்றது. அவள் முகம் மாறிப்போனது.

“அப்பா, இது வேணாம். திடீர்னு வந்த பணம்னு பார்த்தாலே தெரியும். எங்க சாரும் சொன்னாரு, இப்படி வைக்காதீங்கன்னு. பேங்க் மேனேஜர்கிட்ட இன்னைக்குப் போனாலும் கடனுக்கு லெட்டர் தருவாரு. ஒரு சைன் போடுப்பா, ப்ளீஸ்.”

“உங்க சாருக்கு இன்னா தெரியும்? ஒம்பது லட்சத்த பார்த்தா எவனாவது வேணான்னு சொல்லுவானா? அறுபதாயிரத்த வச்சிகினு என் பொண்ணு வெளிநாடு போறான்னு நாலு பேரு பேசணுமா? வை அத.”

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “அப்பாதான் சொல்றாருல்ல, வைம்மா. அவரு அலைஞ்சு திரிஞ்சு கொண்டாந்திருக்காரு” என்றாள். பருப்புப் பொடி வறுத்துக்கொண்டிருந்தாள், வீடெல்லாம் அந்த வாசனை.

 மகள் கோப்பைத் திறந்து அந்தக் காகிதத்தை உள்ளே வைத்தாள். அவளுக்குச் சம்மதமில்லை என்று எனக்குத் தெரியும். நான் சத்தம் போட்டதால் வைத்தாள்.

விண்ணப்பம் கொடுக்கிற இடத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். விண்ணப்பிக்கிறவர் மட்டும்தான் உள்ளே போகலாமாம். செல்போனைக்கூட என்னிடம் கொடுத்துவிட்டு, கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கண்ணாடிக் கதவுக்குள் போனாள். வெளியே பிளாட்பாரத்தில் என்னைப் போல் பத்துப் பதினைந்து அப்பாக்கள். ஆளுக்கொரு கைப்பை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். உட்கார ஒரு இடம் இல்லை. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் நாற்காலி போடுகிறவன் வெயிலில் நின்றேன்.

வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். “அண்ணா, உள்ள முடிவு பண்றவரு யாரு? ஒரு வார்த்தை பேசணும்னா யாரைப் புடிக்கணும்?”

“இங்க யாரும் முடிவு பண்றதில்ல சார். பேப்பரை வாங்கி அனுப்புவாங்க, அவ்வளவுதான். எங்க போவுது, யாரு பாக்குறாங்கன்னு உள்ள கீறவங்களுக்கே தெரியாது” என்றார். நல்ல மனுஷன், கேலி செய்யவில்லை. ஆனால் ஆளே இல்லாத ஒரு இடத்தில் நான் இதுவரை வேலை முடித்ததில்லை.

அடுத்த பதினாறு நாள் வீட்டில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சான் தினமும் கேட்டான், “இன்னா மாமா, வந்துச்சா?” அவன் கேட்டது விசாவையா, மூன்று லட்சத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. காகிதம்தான் கொடுத்தாகிவிட்டதே என்று நடுவிலேயே அவரவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, என்னுடையதையும் எடுத்துவிட்டேன். கணக்கு பழையபடி முப்பத்தெட்டாயிரத்துக்கு வந்து சேர்ந்தது.

கூரியர் என் கடைக்குத்தான் வந்தது. தாம்பரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வண்டியில் நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தோம். கடையில் இருந்த மகள் உறையைப் பிரித்தாள். பாஸ்போர்ட்டைப் புரட்டினாள்; விசா ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கூட ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. அச்சடித்த வரிகள், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம், இரண்டு கட்டத்தில் மட்டும் குறி.

“இன்னாமா போட்டிருக்கு?” என்றேன்.

“ரிஜெக்ட் பண்ணிட்டாங்கப்பா.”

“அது தெரியுது. ஏன்னு போட்டிருக்கு?”

அவள் நிதானமாகத் தமிழில் சொன்னாள். “செலவுக்குப் பணம் இருக்குன்னு நம்புற மாதிரி ஆதாரம் இல்லையாம். அப்புறம், போனா திரும்பி வருவேன்னு நம்பிக்கை இல்லையாம்.”

திரும்பி வரமாட்டாளா! என் வீட்டைவிட்டு, அவள் அம்மாவைவிட்டு, ராத்திரி ரவை கிளறிச் சாப்பிடுகிற ஊரில் என் மகள் ஒளிந்துகொள்வாளா! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கூரியர் கொண்டு வந்த பையனைப் பார்த்து, “யாருடா அவன், கூப்டுடா அவன!” என்று கத்தினேன். அவன் கையெழுத்து வாங்கும் கருவியை நீட்டியபடி முழித்தான். வேலையாட்கள் நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். மகள்தான் அவனிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

விமானத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். முதலில் ஆடிட்டரிடம் போனேன். “மூணு வருஷ வருமானத்தையும் சரியா மாத்திக் கொடு. வரி எவ்ளோ வந்தாலும் கட்டறேன்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அண்ணா, பழசையெல்லாம் இப்ப தொட்டா வேற பிரச்சினை வரும். வேணும்னா இந்த வருஷத்திலிருந்து சரியா காட்டலாம். அப்படிக் காட்டினாலும் மூணு வருஷம் ஆகணுமே. நீங்கதானே எப்பவும் கம்மியா போடு, கம்மியா போடுன்னு சொன்னீங்க?” என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய் இல்லை. அதனால்தான் அவரைத் திட்டக்கூட முடியாமல் எழுந்து வந்தேன்.

கவுன்சிலருக்கு வேண்டிய ஒருவரைப் பிடித்தேன். எனக்கு எத்தனையோ வேலை முடித்துக் கொடுத்தவர். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அண்ணா, தண்ணி கனெக்‌ஷனா சொல்லு, பட்டாவா சொல்லு. இது வேற நாட்டுக்காரன். அவன்கிட்ட நான் யாருன்னு போய் நிக்கிறது?” என்றார். திரும்ப விண்ணப்பிக்கலாமா என்று மகள் பார்த்தாள். விண்ணப்பம் கொடுக்க அந்த மாதம் முழுக்க ஒரு நாள்கூடக் காலி இல்லை. வங்கிக்கு ஓடினேன். கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறேன், இப்போதே போடுகிறேன் என்றேன். மேலாளர், “இனிமே எதுக்கு சார்?” என்று கேட்டார்.

கத்தவும் ஆளில்லை, பிடிக்கவும் ஆளில்லை. மத்தியான நேரத்தில் கடையில் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டிருப்பேன். யாராவது வாடகை கேட்டு வந்தால் எத்தனை நாற்காலி என்று இரண்டு தடவை கேட்பேன்.

மகள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, அழுது, எப்படியாவது முடிந்திருக்கும். அவள் இன்ஷூரன்ஸை ரத்து செய்தாள், டிக்கெட்டில் எவ்வளவு திரும்ப வரும் என்று கேட்டு எழுதினாள், டியூஷன் பிள்ளைகளுக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா மட்டும் பருப்புப் பொடி டப்பாவை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “அவளுக்குக் குடுத்துடும்மா, அவ போறால்ல” என்று மகள் சொன்னாள். பெரும்பாக்கத்துக் கண்டக்டர் மகளைத்தான் சொன்னாள். அப்பாவின் மாதச் சம்பளச் சீட்டும் கடன் உத்தரவும் வைத்த அந்தப் பெண்ணுக்கு விசா வந்திருந்தது.

தோழியை வழியனுப்ப, மகளை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். நான் இறங்கவில்லை. கண்டக்டர், காக்கிச் சட்டையை மாற்றிக்கொள்ள நேரமில்லாமல், மேலே ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தன் மகளின் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். என்னைப் பார்த்து, “அடுத்த வாட்டி நம்ம பாப்பாவும் போகும் சார்” என்று கை காட்டினார். நானும் கை காட்டினேன். அடுத்த வாட்டி என்று ஒன்று இல்லை, அது அவளுக்குக் கடைசி வருடம்.

போனவர்கள் திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து, கடைசி செமஸ்டருக்கு முன்னால் பெற்றோர்களைக் கல்லூரிக்கு வரச் சொன்னார்கள். துறைத் தலைவர் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுப் பேசினார். மனைவிக்குக் காய்ச்சல், நான் மட்டும் போனேன். நானும் மகளும் அவர் எதிரில் உட்கார்ந்தோம். அவர் முன்னால் ஒரு தாள் இருந்தது.

“உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா சார், அதுல ஒரு குறையும் இல்ல” என்று ஆரம்பித்தார். “அந்தக் கம்பெனி ட்ரெய்னிங் இருக்கே, போய்ட்டு வந்தவங்கள்ல ரெண்டு பேரைத்தான் எப்பவும் எடுப்பாங்க. இந்த வருஷம் நான் பேசி, போகாதவங்கள்ல ஒருத்தரையும் சேர்த்துக்கச் சொல்லியிருக்கேன். இவ பேரைத்தான் மனசுல வச்சிருந்தேன்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

“ஆனா பாருங்க, அங்க முழுக்க டாக்குமெண்ட் வேலை. ஒரு பேப்பர் மாறினா கன்டெய்னரே துறைமுகத்துல நின்னுடும். விசாவுக்கு எந்த ஸ்டேட்மெண்ட் வைக்கணும், எது வைக்கக் கூடாதுன்னு நான் கிளாஸ்ல மூணு வாட்டி சொன்னேன். ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு கேட்டா, அவசரத்துல தப்பான ஸ்டேட்மெண்டை வச்சுட்டேன் சார், என் கவனக்குறைவுதான்னு இவளே வந்து சொன்னா. ஒத்துக்கிட்டது நல்ல விஷயம். ஆனா இவ்வளவு அசால்ட்டா இருக்கிற பொண்ணை என் பொறுப்புல எப்படி அனுப்பறது, நீங்களே சொல்லுங்க.”

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு, “ஆமா சார்” என்றாள்.

கவனக்குறைவாம். பன்னிரண்டு காபிக்குத் தனி வரி எழுதியவளுக்குக் கவனக்குறைவு. அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவள் சொன்ன பொய் அது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நான்தான் சார் வைக்கச் சொன்னேன், வேணாம் வேணாம்னு அவ கெஞ்சினா. சொல்லியிருந்தால் அந்த மனிதர் கேட்டிருப்பார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அதைச் சொன்னால் அடுத்து அவர் என்ன கேட்பார் என்று தோன்றியது. அது யார் பணம் சார், உங்க வருமானம் எவ்வளவு சார், ஏன் சார் அப்படிச் செஞ்சீங்க. வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் வேறு கதவிடுக்கில் தெரிந்தார்கள். அப்போது என் வாயிலிருந்து, ஒண்ணாங்கிளாஸிலிருந்து ஒவ்வொரு டீச்சர் முன்னாலும் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு தானாக வந்தது.

“நாங்களும் வூட்ல சொல்லிகினுதான் சார் இருக்கோம்” என்றேன்.

அவர் தலையாட்டினார். தாளில் எதையோ அடித்து, கீழே வேறொரு பேரை எழுதினார். என் மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, “தேங்க்ஸ் சார்” என்றாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். “வாப்பா, வெளிய ஆளுங்க வெயிட் பண்றாங்க” என்று என் தோளைத் தொட்டாள்.